சீனி கரையத் தண்ணீர் வேண்டும்

காலையில் சீனி போடாத காப்பியை மருந்துபோல விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரிகளே, உங்களிடம்தான் பேசுகிறேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் மரத்தடியில் நின்றபோது நம் பேச்சு முழுக்கச் சீனியைப் பற்றித்தான். ஒருத்திக்கு இருநூறாம், இன்னொருத்திக்கு முந்நூறாம். பள்ளிக்கூடத்தில் மார்க் சொல்லிப் பெருமையடித்த நாம் இப்போது இதைச் சொல்லிப் பெருமையடிக்கிறோம். "சீனிதான் நமக்குச் சத்துரு" என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இவளுக்கு என்ன வந்தது?" என்று கேட்டீர்கள் அல்லவா? அது நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்தில் இராஜாக்கமங்கலம் பக்கத்தில் யார் வீட்டில் சீனி இருந்தது? இனிப்பு என்றால் கருப்பட்டிதான். காப்பிக்குக் கருப்பட்டி, இருமலுக்கும் கருப்பட்டி, அழுகிற பிள்ளையின் வாயை அடைக்கவும் அதே கருப்பட்டி. வெள்ளைச் சீனியை நான் முதலில் பார்த்தது சபைப் போதகரான ஐயர் வீட்டில், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில். அது உப்பு என்று நினைத்து, இத்தனை உப்பை ஏன் மேசைமேல் வைத்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளி வாயை மூட வைத்தாள்.

என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். வெளுத்த சட்டை, பொத்தான் எல்லாம் மாட்டியிருக்கும். எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்வார், நாங்கள் பலகையில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுபோல. அம்மா மார்த்தாண்டத்துக்கு மேற்கே பிறந்தவள். தண்ணீரை வெள்ளம் என்பாள். "வெள்ளம் வேணுமா?" என்று அவள் விருந்தாளியிடம் கேட்டால் அப்பாவின் ஆட்கள், "ஐயோ, ஆறு பெருகியாச்சா?" என்று கேலி செய்வார்கள். நான் சொல்லப்போகிற வருஷம் எனக்கு ஒன்பது வயது. எனக்குக் கீழே ஒரே ஒரு தம்பி. அவனுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. அவன் கெட்டிக்காரன். அப்பாவிடம் போனால் "தண்ணி" என்பான், அம்மாவிடம் போனால் "வெள்ளம்" என்பான். யாரும் அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த வருஷம் வைகாசியில் சித்தப்பா கொழும்பிலிருந்து வந்தார். அங்கே ஒரு மளிகைக் கடையில் அவருக்கு வேலை. வரும்போது ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறையச் சீனி கொண்டுவந்தார். டின்னின் மூடியில் ஒரு கப்பல் படம். அம்மா மூடியைத் திறந்து பார்த்து, ஒரு துளி சிந்தாமல் மறுபடி மூடி, துணி வைக்கும் மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "ஐயர் வந்தா காப்பிக்கு ஆகும்" என்றாள். அந்தக் காலத்தில் நம் வீடுகளில் நல்லது எது வந்தாலும் அது ஐயருக்கென்று ஆகிவிடும். ஐயரோ வருஷத்துக்கு ஒருமுறை வருவார்.

சித்தப்பா விடுவாரா? "ஒரு டின்னு சீனிய ஐயரு குடிச்சுத் தீக்கதுக்குள்ள புள்ளையளுக்கு மீச மொளச்சிரும் மைனி" என்று சொல்லிச் சாவியை வாங்கினார். தினமும் ஒரு சிட்டிகை எங்களுக்கென்று எடுத்தார். ஆனால் நேராக வாயில் போட விடமாட்டார். அதற்கு முன்பு ஒரு வேடிக்கை. கொழும்பிலிருந்து வந்த கண்ணாடித் தம்ளர் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி முன்வாசலில் வெயில் படுகிற இடத்தில் வைப்பார்.

"ஏலே மக்கா, இப்ப இதுல சீனி போடப் போறேன். என்ன ஆகும் சொல்லு பாப்போம்?"

"போயிரும்" என்பான் தம்பி.

"எங்க போகும்?"

"உள்ள."

தம்பி தரையில் குப்புறப் படுத்து ஒரு கண்ணைத் தம்ளரோடு ஒட்டி வைத்துக்கொள்வான். சீனி கீழே போய் உட்காரும். அதிலிருந்து மெல்லிசாக ஏதோ நூல் நூலாக ஆடிக்கொண்டு கிளம்பும். "போகுது, போகுது" என்று அவன் மூச்சு விடாமல் சொல்வான். கடைசிக் குருணையும் மறைந்த பிறகுதான் எழுந்திருப்பான். கன்னத்தில் தரையின் மண் ஒட்டியிருக்கும். அதற்குப் பிறகுதான் அந்தத் தண்ணீரை இருவரும் பங்கு போட்டுக் குடிப்போம்.

அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இதே வேலை. வெந்நீரில் போட்டால் அவன் கண்ணை வைப்பதற்குள் சீனி காணாமல் போய்விடும். "ஓடியே போச்சு!" என்று கோபப்படுவான். பாலில் போட்டதை அவன் ஏற்றுக்கொள்ளவே இல்லை. உள்ளே நடப்பது தெரியவில்லை என்பதால் அது கள்ளத்தனம் என்பது அவன் தீர்ப்பு. பனையிலிருந்து இறக்கிய பதநீரை நாம் அக்கானி என்போமே, அதிலும் போட்டோம். "இது ஏற்கெனவே இனிப்பு. உள்ள எடம் இருக்கான்னு கேட்டுட்டுதான் சீனி போகும்" என்று சித்தப்பா சொல்ல, தம்பி தம்ளருக்குள் குனிந்து, "எடம் இருக்கா?" என்று கேட்டான். அம்மா அடுக்களையில் நின்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

தேங்காய் எண்ணெயில் போட்டதுதான் பெரிய அதிசயம். கலக்கினார், மறுபடி கலக்கினார், வெயிலில் வைத்தார். சீனி அசையவில்லை. மறுநாள் காலையில் பார்த்தாலும் அதே குருணைகள் அடியில் பளபளவென்று கிடந்தன. "எண்ணெய்க்குச் சீனியப் புடிக்கல்ல" என்றான் தம்பி. மண்ணெண்ணெயிலும் அப்படித்தான். அதற்கு அம்மாவிடம் சித்தப்பா நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார், விளக்குக்கு வைத்திருந்த எண்ணெய் அது. அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். குரலைத் தாழ்த்தி என்னிடம், "சாராயத்துலயும் லேசுல கரையாது, கேட்டியா" என்றார். உள்ளே புத்தகம் வாசித்துக்கொண்டிருந்த அப்பா, "அது ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். சித்தப்பா, "கடைக்கு வாற ஒரு ஆளு சொன்னான்" என்று எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அப்பா வெளியே வந்து எங்கள் முன் நின்று பாடமாகவே சொன்னார். "சீனி கரையத் தண்ணீர் வேண்டும். பாலில் இருப்பதும் தண்ணீர்தான், அக்கானியில் இருப்பதும் தண்ணீர்தான். எண்ணெயில் தண்ணீர் இல்லை, அதனால் கரையாது. சீனி கரையத் தண்ணீர் வேண்டும்." தம்பி அதைத் திருப்பிச் சொன்னான். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றடி வரைக்கும் போய்வந்தார்.

ஆனியில் மழை பிடித்தது. நம் பக்கத்துச் சாரல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், ஆரம்பித்தால் துணி காயாது, விறகு பற்றாது. மழையோடு கடற்கரைக் குடிகளில் வாந்திபேதி வந்திருக்கிறது என்று பேச்சு வந்தது. பிறகு அது வயல் பக்கமும் வந்தது. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். கோயிலில் மிஷன் டாக்டர் ஒருவர் வந்து பேசினார். இந்த வியாதி காற்றிலும் இல்லை, பேயிலும் இல்லை, தண்ணீரில் இருக்கிறது, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றார். அது உண்மைதானே? இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "தீனம் தண்ணீரில் இருக்கிறது" என்று இரண்டிரண்டு தடவை சொன்னார். எங்கள் வீட்டுப் பானைத் தண்ணீரையெல்லாம் கவிழ்த்தார். கொதித்து ஆறாத தண்ணீரை யாரும் தொடக்கூடாது என்றார். தம்ளர் விளையாட்டும் நின்றது. எனக்கு அப்பாவைப் பற்றிப் பெருமையாக இருந்தது. ஊரில் மற்றவர்கள் வேப்பிலை கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருக்க, என் அப்பாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

அப்படி இருந்தும் அது எங்கள் வீட்டுக்குள்தான் வந்தது. எப்படி வந்தது என்று யாருக்குத் தெரியும்? விடிந்தபோது தம்பி படுக்கையை நனைத்திருந்தான். அம்மா துடைத்துக்கொண்டிருக்கும்போதே வாந்தி எடுத்தான். அரிசி கழுவின தண்ணீர் மாதிரிப் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்துக்குள் அவன் கண்கள் உள்ளே போய்விட்டன. விரல்களின் தோல் சுருங்கிப்போயிற்று. என்னை அடுக்களை வாசலைத் தாண்டி வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்தேன்.

சித்தப்பா மழையில் ஓடிப்போய் மருந்துசாலைக் கம்பவுண்டரை அழைத்து வந்தார். அவர் நல்ல மனுஷன், கூப்பிட்டால் எந்தச் சாதி வீட்டுக்கும் எந்த மழையிலும் வருவார். தம்பியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாடி பார்த்தார். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்.

"வாத்தியாரே, கேட்டேளா? ஒரு துளி தண்ணி குடுக்கப்பிடாது. உள்ள போற தண்ணிதான் வெளிய போகுது. உள்ள போகாட்டா வெளிய எப்பிடிப் போகும்?"

கேட்பதற்கு எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள். அப்பாவுக்கு அது இன்னும் சரியாகப் பட்டது. தீனம் தண்ணீரில் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தானே. அப்படியானால் தண்ணீரை நிறுத்தினால் தீனமும் நிற்க வேண்டும். படித்த இரண்டு பேர் சேர்ந்து ஒரு நல்ல பாதி உண்மையை எடுத்து அதன் மறுபாதியை இப்படித் தாங்களாகவே கட்டி முடித்தார்கள்.

கம்பவுண்டர் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்தார். ஸ்பிரிட்டில் கரைத்த கற்பூரம். மூடியைத் திறந்ததும் வாசனை அடுக்களை வரை வந்து என் கண்ணைக் கரித்தது. "இதச் சீனியில விட்டு நாக்குல வைக்கணும். வீட்டுல சீனி உண்டா?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் அப்பா நிமிர்ந்தார். "உண்டு. கொழும்புச் சீனி" என்றார். அம்மா ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து டின்னை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள். மற்ற வீடுகளில் சீனிக்கு அலைய வேண்டியிருந்தது, இங்கே தயாராக இருக்கிறது என்று கம்பவுண்டர் சொன்னபோது அம்மாவின் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது.

சிட்டிகைச் சீனியில் நாலு சொட்டு விட்டுத் தம்பியின் நாக்கில் வைத்தார்கள். அவன் வாயைத் திறந்தபடி கிடந்தான். சீனியை அவ்வளவு ஆசையாகப் பார்த்தவன், இப்போது அது நாக்கில் இருப்பதே தெரியாமல் அப்பாவைப் பார்த்தான்.

"அப்பா, தண்ணி."

"கொஞ்சம் பொறு மக்களே."

அம்மா பக்கம் திரும்பினான். "அம்மா, வெள்ளம்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சீனி கரையவில்லை. அதை நான் மறக்கவே இல்லை. அப்பா விரலால் அவன் நாக்கைத் தொட்டுப் பார்த்தார். நாக்கு காய்ந்த துணி மாதிரி இருந்தது, குருணைகள் போட்டது போட்டபடியே கிடந்தன. "கரையமாட்டேங்குதே" என்று கம்பவுண்டரிடம் சொன்னார். அவர், "இன்னும் ரெண்டு சொட்டு விடுங்கோ" என்றார். அப்பா ஸ்பிரிட்டை விட்டார். எங்களுக்கு அந்தப் பாடம் சொன்ன அதே அப்பா.

கம்பவுண்டர் அடுத்த வீட்டுக்குப் போன பிறகு அப்பா கிணற்றடிக்குப் போய் வாளியையும் கயிற்றையும் கழற்றிக்கொண்டு வந்து தன் மேசைக்குக் கீழே போட்டார். வேறு யாருக்காகவும் இல்லை, அம்மாவுக்காகத்தான். அவள் மனசு இளகிவிடும் என்று அவருக்குத் தெரியும். பானைகளை எல்லாம் மாட்டுத் தொழுவத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். சித்தப்பா பானையைத் தூக்கிக்கொண்டு அழுதபடி போனார். "அண்ணே, ஒரு மொடக்கு குடுத்துப் பாப்போமே" என்று ஒருமுறை கேட்டார். "நீ படிச்சிருக்கியா?" என்று அப்பா திருப்பிக் கேட்டார். சித்தப்பா நாலாம் வகுப்போடு கப்பல் ஏறியவர். அடுத்த பானையைத் தூக்கப் போனார்.

ஆனால் மழையை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது? ஓட்டிலிருந்து முற்றத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. கதவைச் சாத்தினாலும் சத்தம் கேட்டது. தம்பி அந்தச் சத்தம் வந்த பக்கமே முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டான். "மழத் தண்ணி" என்றான். அப்பா அவன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "நானும் குடிக்கல்ல மக்களே. நீ குடிக்க வரைக்கும் அப்பாவும் குடிக்கமாட்டேன்" என்றார். சொன்னபடியே அவர் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் தொடவில்லை. அவர் உதடும் வெடித்திருந்தது. இதை நான் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நீங்கள் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடக்கூடாது. அந்த ஊரில் அவரைப்போலப் பிள்ளையைக் கொஞ்சின தகப்பன் கிடையாது.

மத்தியானம் அம்மா அவன் முகத்தைத் துடைக்கத் துணியை நனைத்துக் கொண்டுவந்தாள். துடைக்கும்போது அவன் துணியின் ஓரத்தை வாயால் கவ்விக்கொண்டு உறிஞ்சினான். அம்மா கையை எடுக்கவில்லை. அப்படியே அசையாமல் இருந்தாள். அப்பா பார்த்துவிட்டார். கோபப்படவில்லை, மெல்ல அவன் பல்லுக்கிடையிலிருந்து துணியை உருவி எடுத்தார். "வேண்டாம்டீ. நம்ம கையாலேயே அவனக் கொன்னுரப்பிடாது" என்றார். அம்மா துணியைக் கீழே போட்டுவிட்டு ஜெபம் பண்ண உட்கார்ந்தாள். நான் அடுக்களை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது வயதில் எதைச் செய்ய முடியும்? எனக்கு அப்பா சொல்வதுதான் சரி என்றே பட்டது. தம்பி கேட்பது மட்டும் நின்றுவிட்டால் போதும் என்று இருந்தது.

சாயங்காலத்துக்குள் அவன் கேட்பது நின்றுவிட்டது. விளக்கு வைப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்தது. அம்மா அவன் வாயைத் துடைத்தாள். சீனிக் குருணைகள் துணியில் வந்தன.

அடக்கத்துக்கு வந்தவர்கள் அப்பாவைப் பாராட்டினார்கள். நிஜமாகவே பாராட்டினார்கள். "ஒரு துளி தண்ணி குடுக்கலியாம். வேற யாருக்கு அந்த மனத்தெடம் வரும்?" என்று என் காதுபடப் பேசினார்கள். கம்பவுண்டர் வந்து அப்பாவின் கையைப் பிடித்து, "நீங்க செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சிட்டேள். கர்த்தருக்குச் சித்தமில்ல" என்றார். மிச்சம் இருந்த சீனியை அப்பா டின்னோடு அவரிடமே கொடுத்தார், மற்றப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்க உதவட்டும் என்று. அந்த டின் எத்தனை வீடுகளுக்குப் போனதோ. சித்தப்பா மழை விடும் முன்பே கொழும்புக்குக் கப்பல் ஏறினார். பிறகு அவர் வந்ததெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான்.

எங்கள் வீட்டில் வேறு பிள்ளை பிறக்கவில்லை. ஒவ்வொரு ஆனியிலும் அந்த நாளில் அப்பா குடும்ப ஜெபம் நடத்துவார். ஜெபத்தின் கடைசியில், "எங்களால் கூடிய எல்லாவற்றையும் செய்ய எங்களுக்குப் பெலன் தந்தீரே" என்று ஸ்தோத்திரம் சொல்வார். இரண்டு தடவை சொல்வார். அம்மா ஆமென் சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மிச்ச ஆயுளை நடந்தார் என்பது எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் புரிந்தது.

இனி நீங்கள் எல்லோரும் அறிந்த காலத்துக்கு வருகிறேன். எனக்குப் பேரன் பிறந்து, அவன் தவழ்ந்துகொண்டிருந்த சமயம். அப்பாவும் அம்மாவும் என் வீட்டில்தான் இருந்தார்கள். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கால் விழுந்து உள்ளறையில் படுக்கையோடு இருந்தார். ஒரு நாள் பேரனுக்கு வயிற்றோட்டம். கிராம நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், நல்ல கலகலப்பு, குரல் கோயில் மணிபோல. கொதித்து ஆறிய தண்ணீர் கேட்டாள், சீனி கேட்டாள், உப்பு கேட்டாள். தம்ளரில் போட்டுக் கலக்கிக்கொண்டே எங்களுக்குப் பாடம் எடுத்தாள்.

"பேதின்னா தண்ணிய நிறுத்தப்பிடாது. கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருக்கணும். இது போதும், புள்ள பொழச்சிரும்."

ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள். "அந்தக் காலத்து வாந்திபேதிக்கும் இது கேக்குமா மோளே?"

"எந்தக் காலத்துக்கும் கேக்கும் பாட்டி. தண்ணி குடுக்காமப் போட்டுத்தான் அந்தக் காலத்துல பாதிப் புள்ளையளக் கொன்னாங்க."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்? நான் அம்மாவைப் பார்க்கப் பயந்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். தடுமாறித் தடுமாறி உள்ளறை வரைக்கும் நடந்தாள். திறந்து கிடந்த கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினாள். பிறகு திரும்பி அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு நர்ஸிடம் சொன்னாள்.

"கொஞ்சம் மெதுவாப் பேசு மோளே. உள்ள ஒரு ஆளு கெடக்காரு. அவருக்குக் காது இப்பவும் நல்லாக் கேக்கும்."